தைப்பூச வாரத்தில் நம்மவர்கள் கைப்பேசியில் தேடுவது என்ன? பினாங்கிலிருந்து கேள்வி பதில்

பினாங்கில் ஜாலான் உத்தாமா ஓரமாக எங்கள் நண்பர்கள் குழு ஆண்டுதோறும் தண்ணீர் பந்தல் போடுகிறது. மோர் கரைக்க ஒருவர், சுண்டல் தாளிக்க ஒருவர், பாட்டுப் போட ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. வழி சொல்வதும் விவரம் சொல்வதும் என் பொறுப்பு. தைப்பூச வாரம் வந்துவிட்டால் "அக்கா, தேர் எங்க வந்துகிட்டு இருக்கு?" என்று தொடங்கி நள்ளிரவு தாண்டியும் வாட்சாப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் இணையத்தில் தேடிப் பார்த்து, பதில் கிடைக்காமல் என்னிடம் வருகிறவர்கள். அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார்கள் என்று கேட்டுச் சில ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். அதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்த வாரத்தில் மிக அதிகமாகத் தேடப்படுவது எது?

என் நோட்டில் முதலிடம் விடுமுறைக்கு. "எந்தெந்த மாநிலத்துக்கு லீவு", "மறுநாள் பள்ளி உண்டா" என்பவை வாரத் தொடக்கத்திலேயே வந்துவிடும். தேர்ப் புறப்பாட்டுக்கு முதல் நாள் தேர் நேரமும் சாலை மூடலும். தைப்பூசத்தன்று கேள்விகள் சின்னச் சின்னதாகிவிடும்: கழிப்பறை எங்கே, மொட்டை எங்கே அடிக்கிறார்கள், செருப்பை எங்கே விடுவது, பக்கத்தில் ஏடிஎம் உண்டா. எல்லாம் முடிந்த மறுநாள் என் தங்கை மகன் தேடிய வார்த்தை "கால் கொப்புளம் ஆற". வெறுங்காலோடு தார்ச்சாலையில் பால்குடம் எடுத்துப் போன பிள்ளை அவன்.

வாரத்தின் நடுவில் வேறொரு வகையும் உண்டு. காவடி ஏன் எடுக்கிறோம், விரதம் எத்தனை நாள், இடும்பன் யார் என்ற கேள்விகள். இவற்றைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டுக் கைப்பேசியிடம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன்.

நாடு முழுக்க என்ன தேடினார்கள் என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். கூகிள் ட்ரெண்ட்ஸ் என்ற பக்கம் 2006இலிருந்து இருக்கிறது, இலவசம். மலேசியா என்று தேர்ந்தெடுத்து, மாநில அளவில் பினாங்கு என்று சுருக்கி, கடந்த 7 நாள் என்று காலத்தையும் குறுக்கலாம். "தைப்பூசம்" என்று ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டெல்லாம் தரையோடு கிடக்கும் கோடு ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் கோபுரம் போல எழும்பி இறங்கும். பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் இருக்கும் 100 என்பது நூறு பேர் தேடினார்கள் என்பதல்ல, நூறு சதவீதம் பேர் தேடினார்கள் என்பதும் அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில், அந்த இடத்தில், மொத்தத் தேடல்களோடு ஒப்பிட அந்தச் சொல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற நாள்களை அதற்குத் தகுந்தபடி அளக்கிறார்கள். 50 என்றால் உச்சத்தில் பாதி. 0 என்றால் ஒருவருமே தேடவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அளவிடப் போதுமான தேடல் இல்லை என்றுதான் பொருள். ஒரே ஆள் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தட்டினாலும் கணக்கு ஏறாது, அதைக் கழித்துவிடுகிறார்கள். தவிர, தேடல்கள் எல்லாவற்றையும் எண்ணாமல் ஒரு மாதிரியை எடுத்தே கணக்கிடுகிறார்கள்.

இன்னொன்று, அங்கே "சொல்" என்றும் "தலைப்பு" என்றும் இரண்டு வகை இருக்கிறது. சொல்லாகத் தேடினால் நீங்கள் தட்டிய எழுத்துக்கு மட்டும்தான் கணக்கு. தலைப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே விஷயத்தைப் பல மொழியில், பல எழுத்துக்கூட்டில் தேடியவர்கள் சேர்ந்து வருவார்கள். தைப்பூசத்தை ரோமன் எழுத்தில் நம்மவர்கள் நாலு விதமாக எழுதுகிறார்கள் என்பதால் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதே சரி.

தமிழில் தேடினால் ஏன் பதில் வருவதில்லை?

என்னை இதை எழுத உட்கார வைத்ததே இந்தக் கேள்விதான்.

ஒரு தைப்பூசத்தன்று விடியற்காலை மூன்று மணி இருக்கும். சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஒரு பாட்டி பந்தலில் வந்து உட்கார்ந்தார். கையில் பேரன் வாங்கிக் கொடுத்த கைப்பேசி, நெற்றியில் வியர்வையோடு கலந்த திருநீறு. "பஸ் எங்க நிக்கும்னு இதுல பார்த்தேன்மா, ஏதோ டேங்க் ரோடுன்னு காட்டுது, அது எந்தப் பக்கம்?" என்றார். வாங்கிப் பார்த்தேன். சிங்கப்பூர் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் சாலை விவரம் அது. அங்கே சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை ஊர்வலம் நடக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் அதுவே மேலே வருகிறது. தமிழில் தட்டினால் பழனி வருகிறது, வடலூர் ஜோதி தரிசனம் வருகிறது. பினாங்கு வருவதில்லை.

காரணம் எளியது. தேடுபொறி எழுதி வைத்ததைத்தான் எடுத்துக் கொடுக்கும். நம் ஊர் விவரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புகளாக வருகின்றன. தமிழில் அவை பெரும்பாலும் படமாகச் சுற்றுகின்றன, வாட்சாப்பில் ஒரு போஸ்டர். அந்த வாட்சாப் படத்தைத் தேடுபொறியால் எட்டிப் பார்க்கவே முடியாது. விஷயம் தெரிந்த பெரியவர்கள் எழுதுவதில்லை, எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு விஷயம் தெரிவதில்லை. பதில் இல்லாத மொழியில் யாரும் இரண்டாவது தடவை தேட மாட்டார்கள். தேடாவிட்டால் ட்ரெண்ட்ஸில் அந்த மொழிக்கு 0. அந்த 0-ஐப் பார்த்துவிட்டு "தமிழில் யாரும் தேடுவதில்லையே, எதற்கு எழுதணும்" என்பார்கள். கேள்வி இருக்கிறது. நான் பந்தலில் நின்று ஒவ்வோர் ஆண்டும் காதாரக் கேட்கிறேன்.

தைப்பூசம் எந்தெந்த மாநிலங்களில் விடுமுறை?

பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர், கோலாலம்பூர், புத்ராஜெயா. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் 2008இல்தான் கிடைத்தது, அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி அறிவித்தார். கெடாவுக்கு மட்டும் அந்தந்த ஆண்டின் மாநில அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் வேலை செய்கிறேன், முதலாளி லீவு தர மாட்டேன் என்கிறார். தர வேண்டாமா?

இதை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கோபத்தோடு கேட்பார். மாநிலத்துக்கு விடுமுறை என்றால் எல்லாத் தனியார் நிறுவனமும் கட்டாயம் மூட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சொல்வது வேறு. சம்பளத்தோடு ஆண்டுக்கு 11 பொது விடுமுறை உண்டு. அவற்றில் 5 நாளை மாற்றவே முடியாது: தேசிய நாள், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள். கோலாலம்பூர், புத்ராஜெயா போன்ற கூட்டரசுப் பிரதேசமாக இருந்தால் ஆட்சியாளர் பிறந்தநாளுக்குப் பதில் பிரதேச நாள். மீதி 6 நாள் எவை என்பதை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறப்பதற்கு முன்பே வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

ஆக, தைப்பூசம் அந்த ஆறில் இருக்கிறதா என்று டிசம்பரிலேயே பலகையைப் பாருங்கள். இல்லையென்றால் அப்போதே பேசுங்கள், ஆண்டு விடுப்பையும் அப்போதே எழுதிக் கொடுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி தேடிப் பலன் இல்லை. பட்டியலில் இருந்தும் அன்று வேலைக்குக் கூப்பிட்டால், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்கு அந்த நாளின் விடுமுறைச் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் சேர வேண்டும். விடுமுறை உங்கள் ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறையாகும்.

2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோலாலம்பூரில் அதே தேதி கூட்டரசுப் பிரதேச நாளும்கூட. ஒரே நாளில் இரண்டு விடுமுறை விழுந்தால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் அங்கே இருக்கும் என் தம்பி குடும்பத்திலிருந்து அந்த வாரம் வந்த கேள்வி எல்லாம்.

தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

தை மாதம், பூச நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டி. தை என்பது ஏறக்குறைய ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை என்பதால் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. நட்சத்திரமும் பௌர்ணமியும் சில ஆண்டுகளில் ஒரே நாளில் சேராமல் போகும். அப்போதுதான் இந்தியப் பஞ்சாங்கம் ஒரு தேதியும் நம் சுவர் நாட்காட்டி ஒரு தேதியும் காட்டும். நம் ஊர்க் கோயில் அறிவிக்கும் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் தேர் எப்போது, எங்கிருந்து புறப்படும்?

இரண்டு தேர். இதைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொன்னால் குழப்பம்தான்.

பழையது வெள்ளித் தேர், நகரத்தார் தேர். காரைக்குடியில் செய்து கப்பலேற்றிக் கொண்டுவந்தது, 1894இலிருந்து ஓடுகிறது. மாடு பூட்டி இழுக்கும் தேர். லெபோ பினாங்கில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து முருகனை ஏற்றிக்கொண்டு, பினாங்கின் முருகன் மலையான தண்ணீர்மலையின் அடிவாரத்து நகரத்தார் கோயிலுக்கு வரும். மற்றொன்று தங்கத் தேர், 2017இலிருந்து. லெபோ குயினில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைத் தாங்கி, மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலை நோக்கிப் புறப்படும். அந்த மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில்.

இரண்டும் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் கிளம்பும். வழிநெடுக அர்ச்சனைத் தட்டும் தேங்காயும் காத்திருப்பதால் ஆமை வேகம். ஜாலான் டத்தோ கிராமாட் தாண்டி ஜாலான் உத்தாமாவுக்கு வருவதற்குள் இருட்டிவிடும். மறுநாள் தைப்பூசம், காவடி நாள். அதற்கடுத்த நாள் மாலை தேர் திரும்பும், ஊர் போய்ச் சேர விடிந்துவிடும். திரும்பும் தேருக்குக் கூட்டம் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளைத் தோளில் வைத்து நிதானமாகத் தேர் காட்ட வேண்டுமென்றால் அன்றைக்கு வாருங்கள்.

இணையத்தில் நேரத்தைப் பார்க்கும்போது ஆண்டைச் சரிபாருங்கள். ஒரு பக்கத்தில் போன ஆண்டு நேரத்தையே புதிய தேதியோடு போட்டிருந்தார்கள். அதை நம்பி என் மாமி அர்ச்சனைத் தட்டோடு சாலையோரம் இரண்டு மணி நேரம் நின்றார். தட்டில் இருந்த பூ வாடியது, அவர் நகரவில்லை. தேடல் முடிவுகளில் "கடந்த வாரம்" என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டாலே பழையவை விலகிவிடும்.

பத்துமலையில் எப்படி?

கோலாலம்பூர்க்காரர்கள் இங்கே வரும்போது தேர் ராத்திரி கிளம்பும் என்று எண்ணி வந்துவிடுகிறார்கள், அங்கே அப்படித்தான் என்பதால். ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் 1873இல் அமைந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்து, தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவு வெள்ளித் தேர் புறப்பட்டு, சுமார் 15 கிலோமீட்டர் நடந்து மறுநாள் பத்துமலை சேரும். பத்துமலையில் தைப்பூசம் 1892இலிருந்து நடக்கிறது, தம்புசாமிப் பிள்ளையின் முயற்சி. படி 272. வாசலில் நிற்கும் முருகன் சிலை 42.7 மீட்டர், 2006 ஜனவரியில் திறந்தது. படிகளுக்கு வண்ணம் அடித்தது 2018இல். அடிவாரத்திலேயே கேடிஎம் நிலையம் இருக்கிறது, காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போவதே புத்தி.

காரில் தண்ணீர்மலைக்கு வரலாமா?

வராதீர்கள். ஜாலான் உத்தாமாவும் ஜாலான் கெபுன் பூங்காவும் சனக்கடல். பட்டர்வொர்த்தில் ரயில், பஸ், பெர்ரி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெர்ரி ஏறி இறங்கினால் லெபோ குயினும் லெபோ பினாங்கும் நடக்கும் தூரம், தேரோடு சேர்ந்தே நடந்து வரலாம். கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டைத் தைப்பூச வாரத்தில் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு அழுகைப் படம் அனுப்புகிறார்கள். பொங்கலுக்கு முன்பே எடுங்கள். சாலை மூடலுக்குப் போக்குவரத்துப் போலீஸ் வெளியிடும் வரைபடம்தான் கடைசி வார்த்தை, அது மலாயில் இருக்கும். ஊர் பெயரும் ஆண்டும் சேர்த்து "பெனுத்துப்பான் ஜாலான்" என்று தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

மலைக்கோயிலுக்கு எத்தனை படி? முடியாதவர்கள் என்ன செய்வது?

513. இப்போதைய மலைக்கோயிலுக்குக் குடமுழுக்கு 2012இல் நடந்தது. மூட்டு வலி இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், இதய நோய்க்காரர்கள் ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, நகரத்தார் கோயில் இருக்கிறது, முருகன் அங்கேயும்தான் இருக்கிறார். என் அம்மா கடைசி மூன்று ஆண்டுகள் கீழேயே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஏறுகிறவர்கள் விடியலுக்கு முன் ஏறிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் படி கால் வைக்க முடியாதபடி சுடும்.

காவடி ஏன் எடுக்கிறோம்?

இளையவர்கள் கேட்கிற கேள்வி, கொஞ்சம் உட்கார்ந்து சொல்கிறேன்.

அகத்தியர் தம் சீடன் இடும்பனிடம் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தெற்கே கொண்டுவரச் சொன்னார். அவன் ஒரு தண்டின் இரண்டு முனையிலும் குன்றுகளைக் கட்டித் தோளில் தூக்கி வந்தான். பழனிப் பக்கம் இளைப்பாற இறக்கி வைத்தான், திரும்பத் தூக்க முடியவில்லை. பார்த்தால் குன்றின்மேல் ஒரு சிறுவன் கோவணத்தோடு நின்று "இது என் மலை" என்கிறான். சண்டை. இடும்பன் விழுந்தான். சிறுவன் முருகன் என்று தெரிந்து, உயிர் திரும்பி, இடும்பன் கேட்ட வரம் இரண்டு: நான் உன் வாசலில் காவல் நிற்க வேண்டும், என்னைப் போல் காவடி தூக்கி வருகிறவர்களுக்கு நீ அருள வேண்டும். பழனியில் இன்றும் மலைப்பாதை நடுவில் இடும்பனுக்குச் சன்னதி உண்டு.

தைப்பூச நாளுக்கான கதை வேறு. சூரபத்மனை எதிர்க்கப் போகும் மகனுக்குப் பார்வதி வேல் கொடுத்த நாள் அது. அதனால்தான் "வேல் வேல்" என்று தொண்டை கட்டக் கூவுகிறோம்.

இந்தக் கதையை அப்பா சொல்லிக் கேட்காமல் கைப்பேசியில் படிக்கிறானே என்று பெரியவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை. தேடுகிறான் அல்லவா! அவன் கண்ணில் படும்படி நாம் எழுதி வைத்திருக்கிறோமா என்பதே என் கவலை.

விரதம் எத்தனை நாள்? அலகு குத்துவது ஆபத்தா?

ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருக்கிறவர்கள் உண்டு, 21 நாள், ஒரு வாரம் இருக்கிறவர்களும் உண்டு. மரக்கறி உணவு, மதுவும் புகையும் இல்லை, தரையில் படுக்கை, மனத்தில் கோபமில்லாமல் இருப்பது. பால்குடத்துக்கும் விரதம் உண்டு. நேர்த்திக்கடன் என்ன என்பதை வீட்டுப் பெரியவரிடமோ குருக்களிடமோ பேசித் தீர்மானியுங்கள், இதற்கு மட்டும் இணையத்தை நம்பாதீர்கள்.

அலகு குத்தப் பழகிய கை வேண்டும். வீடியோ பார்த்து நண்பர்கள் குத்திக்கொள்வது வேண்டவே வேண்டாம். புதிய, கொதிநீரிலோ மருந்திலோ சுத்தம் செய்த அலகு, ஒருவருக்குப் போட்டது மற்றவருக்கு இல்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வெறும் பால்குடம் எடுத்தாலும் நேர்த்திதான். குடத்துப் பால் தளும்பாமல், உருமி மேளம் காதைப் பிளக்க, கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் பெண்களைப் பந்தலில் நின்று பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு தேங்காய் உடைக்கிறார்களே, வீண் இல்லையா?

வெளியூர்க்காரர்கள் பினாங்கைப் பற்றித் தேடுவதில் இது பெரிய இடம் பிடிக்கிறது. தேர் வரும் வழியில் சாலையோரம் மலைபோல் குவித்து வைத்து உடைப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம், குடும்பமாக வந்து நேர்ந்துகொண்டு உடைக்கிறார்கள். முருகனுக்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதை எனக்குப் பெருமை.

ஆனால் அளவு பற்றிக் கேள்வி நியாயமானது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தேங்காயைக் குறைத்து உடையுங்கள் என்று கேட்டு வருகிறது. நானும் அந்தப் பக்கம்தான். தேர் கடந்த பிறகு நகராண்மைத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு வந்து ஓடும் சில்லுமாக அள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேர்ந்துகொண்டது 108 என்றால் 9 உடைத்துவிட்டு மீதிப் பணத்தை அன்னதானத்துக்குக் கொடுக்கலாமா என்று குருக்களைக் கேளுங்கள். எங்கள் பந்தலுக்கு இப்படி அரிசி வாங்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்து அல்லாத நண்பர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக. தோளும் முட்டியும் மறையும் உடை, கோயிலுக்குள் வெறுங்கால். அருள் வந்து நிற்பவர் முகத்தருகே கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பந்தலில் சாப்பிட யாரும் காசு கேட்க மாட்டார்கள், மரக்கறிதான் கிடைக்கும்.

அர்ச்சனைக்கும் அன்னதானத்துக்கும் பணம் கேட்டு இணைப்பு வருகிறதே, அனுப்பலாமா?

தெரியாத எண்ணிலிருந்து வந்தால் அனுப்பாதீர்கள். கோயில் பெயர், கோபுரப் படம், கியூஆர் குறி எல்லாம் போட்டு யார் வேண்டுமானாலும் ஒரு படம் செய்யலாம். பணம் போகும் கணக்குப் பெயர் தனி ஆள் பெயராக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கோயில் அலுவலகத்துக்கு நேரே போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கிக்கும் 997க்கும் அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வாய்ப்பு.

தமிழில் தட்டத் தெரியாத பெரியவர்கள் எப்படித் தேடுவது?

பேசச் சொல்லுங்கள். விசைப்பலகையில் இருக்கும் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டால் போதும். கூகிள் குரல் மொழிகளில் தமிழ் என்று பார்த்தால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலு இருக்கும். மலேசியாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். கேள்வியில் "பினாங்கு" என்ற ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள், சிங்கப்பூர் வந்து நிற்காது. சுங்கை பட்டாணிப் பாட்டிக்கு அன்றைக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பதுபோல் மரியாதையாக, "பினாங்குத் தண்ணீர்மலையிலிருந்து பெர்ரிக்குப் போற பஸ் எங்கப்பா நிக்கும்?" என்று கேட்டார். சொன்னது அப்படியே தமிழ் எழுத்தில் திரையில் வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பதில் அன்றைக்கும் வரவில்லை, நான்தான் பஸ் நிற்கும் இடம் வரை கூட்டிப் போய் விட்டேன்.

அந்த நோட்டில் உள்ளதை எங்கே படிக்கலாம்?

இப்போது படித்துக்கொண்டிருப்பது அதுதான். இன்னும் மிச்சம் இருக்கிறது: குழந்தை தொலைந்தால் முதலில் யாரிடம் போவது (பக்கத்துப் பந்தலின் ஒலிபெருக்கிக்கு, பிள்ளையின் கையில் உங்கள் எண்ணை மை பேனாவால் எழுதி அழைத்து வாருங்கள்), செருப்பு (பையில் போட்டு உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்), கழிப்பறை (கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே போய்விடுங்கள்). உங்கள் ஊரில், ஈப்போ கல்லுமலையிலோ சுங்கை பட்டாணியிலோ, இதே கேள்விகளுக்கு உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தால் போஸ்டர் படமாக அனுப்பாமல் எழுத்தாகத் தட்டிப் போடுங்கள், தமிழில், ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்த்து.